மேற்கண்ட யாவும் உண்மை

ராஜகுரு தன் பயோடேட்டாவில் கையெழுத்துப் போட்ட சாயங்காலம், எங்கள் தெருவின் நாலாவது வீட்டிலிருந்த ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார் தேவசகாயம் சாரின் கையிலிருந்த ஆங்கிலப் பேப்பர், அவர் ஒரு செய்தியின் நடுவில் இருந்தபோதே, எறும்பு ஊர்ந்துபோன தடம் மாதிரி ஆகிவிட்டது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார், விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தார், பிறகு பேப்பரை நாலாக மடித்து வைத்துவிட்டு, மாவு இருக்கிறதா என்று மனைவியிடம் கேட்டார். அதே நேரத்தில் தெரு முனையில் தங்கப்பாண்டி அண்ணனின் ஜெராக்ஸ் கடை வாசலில், ஆங்கிலத் தாளை மூன்று முறை எழுதிப் பாஸான ராஜகுரு, போனில் கிரெடிட் கார்டு விற்க வந்த ஏதோ ஒரு பெண்ணோடு பதினொரு நிமிடம் ஆங்கிலத்திலேயே பேசி, கடைசியில் அவளையே மன்னிப்புக் கேட்க வைத்தான்.

பயோடேட்டாவின் அடியில் ஒரு வரி வரும். மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என்று உறுதி கூறுகிறேன் என்று இருக்கும், அதற்குக் கீழே இடம், தேதி, கையெழுத்து. அந்த வரிக்கடியில் கையெழுத்து விழுந்ததும் மேலே எழுதியிருந்த பொய் உண்மையாகிவிட்டது, அந்த உண்மை கையெழுத்துப் போட்ட கைக்கு மிகப் பக்கத்தில் யாரிடம் இருந்ததோ அவரிடமிருந்து வந்தது, யாரிடமும் இல்லாததை எழுதினால் பொய் பொய்யாகவே நின்றது. இதை எங்கள் தெரு ஒரே வாரத்தில் தெரிந்துகொண்டு, ரேஷன் கடைக்குப் புது நேரம் போட்டால் எப்படிப் பழகிக்கொள்ளுமோ அப்படிப் பழகிக்கொண்டது. ஏன் எங்கள் தெருக்காரர்களின் கையெழுத்துக்கு மட்டும் என்று யாரும் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. தங்கப்பாண்டி அண்ணன் புதிதாக வாங்கிய மை என்றார்கள் சிலர், கடை இருக்கும் இடத்தில் முன்பு ஒரு சாமி பீடம் இருந்தது என்றார்கள் சிலர். அவர்கள் பேசி முடிப்பதற்குள் ராஜகுருவுக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது, அதற்குப் பிறகு காரணம் யாருக்கு வேண்டும்.

"நான் அத வச்சு என்னய்யா செய்யப்போறேன்" என்று டீக்கடையில் தேவசகாயம் சாரே சொன்னார். "பேப்பரையும் நிறுத்திட்டேன். மாசம் அது வேற மிச்சம்." எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் ஒருநாள் அவர் என்னை நிறுத்தி, மாத்திரை அட்டையை நீட்டி, இது எந்தத் தேதிவரை சாப்பிடலாம் என்று மெதுவாகக் கேட்டார், நான் படித்துச் சொன்னதும் அந்த அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

என் பெயர் சங்கரேஸ்வரி. பி.காம். முடித்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், அதற்குத் தாலுகா ஆபீஸில் கொடுத்த சான்றிதழ் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. அப்பா நான் எட்டாவது படிக்கும்போது இறந்துவிட்டார். அம்மா, பாக்கியத்தாய், சாத்தூர் ரோட்டில் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கும் பகுதியில் வேலை பார்த்து என்னைப் படிக்கவைத்தாள். நான் வேலைக்குப் போனால் அவள் அந்த மருந்து வாடையிலிருந்து வெளியே வந்துவிடலாம் என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் இருந்த ஒரே திட்டம். நல்ல பயோடேட்டா ஒன்று எழுத வேண்டும், அவ்வளவுதான். கல்லூரியில் வேலைவாய்ப்புக்கு இருந்த சார் அதை ரெஸ்யூம் என்று சொல்லச் சொன்னார். ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும், ஒவ்வொரு வரிக்கும் உதாரணம் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும், எண்களோடு சொல்ல வேண்டும், பொய் எழுதக் கூடாது என்றார். நான் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். எங்கள் வகுப்பில் அதை எழுதிக்கொண்டது நான் ஒருத்திதான் என்று பிற்பாடு தெரிந்தது.

தெரு சும்மா இருக்கவில்லை. ஊர்ச் சங்கத்தின் தலைவர் குருவையா மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் கரும்பலகையில் சட்டம் எழுதவைத்தார். சம்பாதித்துக்கொண்டிருப்பவரிடமிருந்து எடுக்கக் கூடாது. ஓடுகிற வண்டியின் டிரைவரிடமிருந்து எடுக்கவே கூடாது. எடுக்க வேண்டுமானால் முன்கூட்டியே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்துக்கொண்டுபோய், இன்னது எழுதப்போகிறேன் என்று சொல்லி உத்தரவு கேட்க வேண்டும், கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி. கடை சாயங்காலம்தான் திறக்கும், ஏனென்றால் பகலில் தங்கப்பாண்டி அண்ணன் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதப் போய்விடுவார், ஆகையால் தாம்பாளங்கள் காலையில் போயின, கையெழுத்துகள் சாயங்காலம் விழுந்தன. ரிட்டயர்டு பஸ் டிரைவரிடமிருந்து டிரைவிங் போனது, எட்டாம் நம்பர் வீட்டுத் திலகவதி அக்காளிடமிருந்து அவள் கல்யாணத்துக்கு முன் கற்ற டைப்ரைட்டிங் போனது, எல்லாம் மரியாதையாகவே போயின. ஒருவன் மட்டும் கம்ப்யூட்டர் தெரியும் என்று தாம்பாளம் இல்லாமல் எழுதிவிட, பக்கத்தில் அது தெரிந்த ஒரே ஆள் தங்கப்பாண்டி அண்ணனாக இருந்தபடியால், அவர் தன் கடைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதை எப்படி ஆன் செய்வது என்று அவனிடமே கேட்டார். அவன் பயந்து பேப்பரைக் கிழித்ததும் திரும்பி வந்துவிட்டது. கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த பேப்பரை யார் கிழிப்பது, அது மட்டும் திரும்பாது என்று அப்போது தெரிந்துகொண்டோம்.

எங்கள் தெரு செய்த தவறு வேறு இடத்தில் இருந்தது. ராஜகுருவுக்கு வேலை கிடைத்ததிலிருந்து அவனுடைய பயோடேட்டாதான் எல்லாருக்கும் மாதிரி. தங்கப்பாண்டி அண்ணன் அதைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார், பையன்கள் போய் நிற்பார்கள், பெயரையும் அப்பா பெயரையும் மார்க்கையும் மட்டும் மாற்றித் தருவார். கீழே 'எனது பலங்கள்' என்று நாலு வரி இருந்தது. குழுவை வழிநடத்துவேன். நெருக்கடியிலும் நிதானமாக வேலை செய்வேன். ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கவனிப்பேன். எவரோடும் அனுசரித்துப் போவேன். இந்த நாலு வரியை யாரும் மாற்றவும் இல்லை, படிக்கவும் இல்லை. பக்கம் நிரம்புவதற்காகப் போட்ட வரிகள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவற்றுக்காக யாரும் எந்த வீட்டுக்கும் தாம்பாளம் கொண்டுபோகவில்லை, ஏனென்றால் அவை எந்த வீட்டிலாவது இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் தெரிந்தது குழாயடியில். எங்கள் தெருவுக்கு எட்டு நாளைக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம் தண்ணீர் வரும், முப்பத்தெட்டு வீடு பிடிக்க வேண்டும். அது எத்தனையோ வருடமாகச் சண்டையில்லாமல் நடந்துவந்தது. கைக்குழந்தைக்காரி முதலில், காலை ஷிப்டுக்காரி அடுத்து, வாய்க்காரி கடைசியில் என்று பெண்களே வரிசை வைத்து, யார் வீட்டில் விசேஷம், யார் வீட்டில் கூடுதலாக ஆள் வந்திருக்கிறது என்பதையெல்லாம் மனதிலேயே வைத்துக்கொண்டு, கடைசிக் குடம் நிறையவும் தண்ணீர் நிற்கவும் சரியாக இருக்கும்படி நடத்தினார்கள். அந்த மாசியில் ஒருநாள் தண்ணீர் வந்தபோது குழாயைச் சுற்றிப் பன்னிரண்டு பெண்கள் குடத்தோடு நின்றார்கள், யார் முதலில் வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தி வைத்தாள், ஒருத்தி எடுத்தாள், ஒருத்தி அழுதாள். பாதித் தண்ணீர் சாக்கடைக்குப் போனது. அடுத்த வாரம் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டு ஒன்பது பெண்கள் இல்லாமல் போனது, அவர்கள் எல்லாரும் எழுந்துதான் இருந்தார்கள், குளிப்பதா உலை வைப்பதா என்று கேட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றிருந்தார்கள். தைராய்டு என்றார் டாக்டர். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். அம்மனுக்குக் கூழ் காய்ச்சுவது என்று முடிவு செய்து, கூழ் காய்ச்சத் தெரிந்த பெண்கள் எல்லாம் சேர்ந்து நின்று, எதை முதலில் செய்வது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்க, ஆண்கள் ஹோட்டலில் வாங்கிவந்தார்கள்.

நான் கையெழுத்துப் போடுவதற்கு முன் முழுவதையும் படிக்கிறவள். அந்த மாதிரியைப் படித்தபோது நாலு வரியிலும் என் விரல் நின்றது. பிறகு ஒரு தாளில் தெருவை வரைந்தேன், தங்கப்பாண்டி அண்ணன் கடையிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் வீடுகளை வரைந்து, யார் எந்தத் தேதியில் கையெழுத்துப் போட்டான் என்று அவருடைய நோட்டைப் பார்த்து எழுதி, எந்த வீட்டுப் பெண் எந்தத் தேதியில் அடுப்படியில் நின்றுபோனாள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினேன். கடைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒவ்வொரு வீடாக அது இறங்கிக்கொண்டே வந்தது. முப்பத்தைந்து பையன்கள். முப்பத்தைந்து பெண்கள். தெருவின் கடைசி வீடு, ஓடையை ஒட்டி, எங்களுடையது.

கூட்டத்தில் அந்தத் தாளை வைத்தேன். குருவையா மாமா அதை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. அவர் மனைவியும் அந்தத் தாளில் ஆறாவது வீட்டில் இருந்தாள்.

"தாயி, நீ படிச்ச பிள்ள, கோவிச்சுக்கிடாத" என்றார். "இங்கிலீசுக்குச் சாரு சம்பளம் வாங்குனாரு. டிரைவிங்குக்குச் சம்பளம் இருக்கு. டைப்புக்குச் சம்பளம் இருக்கு. நீ சொல்ற இந்த நாலுக்கும் நம்ம பொம்பளைகளுக்கு எவனாச்சும் ஒத்தப் பைசா குடுத்திருக்கானா?"

"இல்ல மாமா."

"அப்ப அது அவுககிட்ட இருந்ததுன்னு எப்படிச் சொல்ற? இல்லாதத எவன் எடுக்க முடியும்?"

"அதே நாலுக்குத்தான மாமா, அங்க நம்ம பையங்களுக்குச் சம்பளம் குடுக்காக."

"அது அங்க" என்றார்.

பின்னாலிருந்து ஒரு குரல், "அதுக்கு இன்னும் வேல கெடைக்கல, அதான் ஊரு படத்த வரைஞ்சுக்கிட்டு அலையுது" என்றது. சிரித்தார்கள். ராஜகுரு சென்னையில் டீம் லீடர் ஆகிவிட்டான், இனிப்பு கொடுத்தார்கள், எனக்கும் ஒன்று கொடுத்தார்கள், நான் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா ஒரு கையால் தோசையைத் திருப்பிக்கொண்டு, இன்னொரு கையால் நாளைக்கான அரிசியைக் களைந்துகொண்டு, வாசலில் நின்ற பால்காரரிடம் நேற்றைய பாலில் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று சண்டை பிடிக்காமலே ஒப்புக்கொள்ள வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எத்தன வீடு பாக்கி?" என்றாள் என்னைப் பார்த்ததும்.

"நம்ம வீட்டோட மூணு."

"அப்ப நீ எழுதிரு."

"எதம்மா?"

"அந்த நாலயும். எழுதிக் கையெழுத்தப் போடு. போறது எப்படியும் போகத்தான் போகுது. அடுத்த வீட்டுக்குப் போறதுக்கு எம் பிள்ளைக்குப் போகட்டும்."

"எனக்கு இல்லாதத இருக்குன்னு எழுதமாட்டேன்மா."

"பெரிய நீதிபதி மக" என்று தோசையை என் தட்டில் போட்டாள். "நீ யோசிக்கப் போற நேரத்துல நாலு பேரு வேலைக்குப் போயிருவான். இந்தக் கைய நான் ஒங்கிட்டக் குடுக்காம வேற எதக் குடுக்கப்போறேன், சொல்லு. நெலமா இருக்கு, நகையா இருக்கு?"

"நீ அப்புறம் எப்படிம்மா இருப்ப?"

"நீ இருக்கேல்ல" என்றாள், அது ஒரு விஷயமே இல்லை என்பது போல.

நான் எழுதவில்லை. என் பயோடேட்டாவில் பெயர், படிப்பு, மார்க், டேலி தெரியும், தமிழ் எழுதப் படிக்கப் பேசத் தெரியும், ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியும் என்று மட்டும் இருந்தது, முதல் தலைமுறைப் பட்டதாரி என்பதையும் போட்டிருந்தேன், அது உண்மை என்பதால். பாதிப் பக்கம் வெள்ளையாக இருந்தது. சிவகாசி, கோவில்பட்டி, மதுரை என்று பதினான்கு இடத்துக்கு அதைக் கொண்டுபோனேன், பதினான்கு இடத்திலும் அந்த வெள்ளையைப் பார்த்தார்கள், 'உங்க பலம் என்னன்னு எழுதலையே' என்று கேட்டார்கள், யோசித்துப் பார்த்துவிட்டு இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னேன். ஒருவர் மட்டும் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

சித்திரை பிறந்த மூன்றாம் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு, அடுப்பில் குழம்பு கொதிக்க, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று வெளியே சத்தம் கேட்க, அம்மா கரண்டியோடு நின்றாள். கரண்டியைப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "எது மொதல்ல?" என்று கேட்டாள், ரொம்ப மரியாதையாக, முன்பின் தெரியாத ஊரில் பஸ் விசாரிப்பவளைப் போல.

கையெழுத்துப் போட்டவன் முனீஸ்தான். எதிர் வரிசையில் மூன்று வீடு தள்ளி இருப்பவன், பத்தாவதில் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த பையன். கடைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் மிச்சமிருந்த இரண்டு பெண்களும் அன்று ஒரு கல்யாணத்துக்காக அருப்புக்கோட்டை போயிருந்தார்கள், அது அவனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. மறுநாள் காலையில் தாம்பாளத்தோடு வந்தான்.

"முன்னாடியே கொண்டு வந்திருக்கணும்க்கா" என்றான். தலையைத் தூக்கவில்லை. "மாடல்ல இருந்துச்சு, அப்படியே போட்டுட்டேன். சத்தியமா படிக்கலக்கா."

"பேப்பர் போயிருச்சா?"

"நேத்தே மெயில் அனுப்பிட்டாரு அண்ணன்."

அம்மா ஒரு பழத்தை எடுத்து, இதை இப்போது சாப்பிடுவதா பிறகு சாப்பிடுவதா என்று அவனிடம் கேட்டாள். அவன் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் எழுதியிருந்தால் அது அதே வீட்டில், அதே அடுப்புக்குப் பக்கத்திலாவது இருந்திருக்கும் என்பதை அன்று முழுவதும் நினைத்தேன், பிறகு வந்த ஒவ்வொரு நாளும் நினைத்தேன். நான் ஒரு பொய் சொல்லாமல் இருந்ததில் ஒருவருக்கும் ஒன்றும் மிச்சமாகவில்லை.

ஒரு வேலையைச் சொன்னால் அம்மா செய்வாள், நன்றாகவே செய்வாள். இரண்டு சேர்ந்தால் நின்றுவிடுவாள். தீப்பெட்டி ஆபீஸில் பத்து நாள் பார்த்துவிட்டு வரவேண்டாம் என்றார்கள். ஒருநாள் காஸைத் திருகிவிட்டு, தீப்பெட்டியைத் தேடப் போன இடத்தில் கோலமாவைப் பார்த்து, வாசலில் உட்கார்ந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள், உள்ளே வாடை வந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து என் மண்டைக்குள் ஒரு குமிழ் திருகியபடியே இருந்தது. எங்கே போனாலும், எதைப் படித்தாலும், காஸ் அணைத்திருக்கிறதா, அவள் சாப்பிட்டாளா, கதவு சாத்தியிருக்கிறதா என்று அது திரும்பிக்கொண்டே இருந்தது. விடிவதற்கு முன் எழுந்தேன், உலை வைத்தேன், அவளுக்கு ஒவ்வொரு வேலையாகச் சொன்னேன், பக்கத்து ஜவுளிக்கடையில் பில் போட்டேன், மதியம் ஓடிவந்து பார்த்துவிட்டு ஓடினேன். குழாயடியில் பெண்கள் நின்றுகொண்டிருக்க ஒருநாள் தாங்கமாட்டாமல் நானே வரிசை வைத்தேன், முதல் வாரம் அடி விழாத குறை, இரண்டாம் வாரம் ஏச்சு, ஆனியில் முப்பத்தெட்டு வீட்டுக்கும் தண்ணீர் கிடைத்தது. அந்த வாரமே குருவையா மாமா கரும்பலகையில் புதிதாக ஒரு சட்டம் எழுதவைத்தார், சங்கரேஸ்வரியிடமிருந்து யாரும் எடுக்கக் கூடாது என்று. அம்மாவுக்கு இல்லாத சட்டம் எனக்கு வந்தது, அவர்களுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது.

ஆடியில் விருதுநகரில் தனியார் வேலைவாய்ப்பு முகாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நான் தங்கப்பாண்டி அண்ணனிடம் போய், அந்த நாலு வரியையும் என் பேப்பரில் போடச் சொன்னேன்.

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "யார்கிட்டேர்ந்து தாயி?"

"யார்கிட்டேர்ந்தும் இல்லண்ணே. போடுங்க."

கையெழுத்துப் போட்டேன். இரண்டு பேரும் தெருவைப் பார்த்தோம். ஒரு வீட்டிலும் ஒரு பாத்திரம் விழவில்லை, ஒரு அடுப்பும் நிற்கவில்லை. "என் சர்வீஸ்ல இது ஒரு பேப்பர்தான் ஒழுங்கான பேப்பரு" என்று சொல்லி அவர் பிரிண்டுக்குக் காசு வாங்கவில்லை. தெரு முனையில் குருவையா மாமா, "உள்ளூர்லயே பாரு தாயி, வெளியூரெல்லாம் பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு" என்றார், அவர் கண் குழாய்ப் பக்கம் இருந்தது.

முகாமில் என்னைப் பார்த்த அதிகாரி முப்பது வயதுப் பெண். சென்னைக்குப் பக்கத்தில் போன் உதிரிப்பொருள் செய்யும் கம்பெனி. "இந்த நாலு வரிய இன்னைக்கு எழுபதாவது தடவ படிக்கிறேன்" என்றார். "ஒண்ணுக்காவது உதாரணம் சொல்லுங்க பார்ப்போம்."

முப்பத்தெட்டு வீடு, ஒன்றரை மணி நேரம், வீட்டுக்கு எத்தனை குடம், முதல் வாரம் எத்தனை பேர் திட்டினார்கள், ஆறாவது வாரம் எத்தனை பேர் திட்டினார்கள் என்று சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். "உங்கள எடுத்துக்கிறோம். வெளிய உக்காந்து இத நிரப்பிக் குடுங்க. ஹாஸ்டல் இருக்கு. முதல் ஆறு மாசம் லீவு கிடையாது."

வெளியே நாற்காலி வரிசையில் முனீஸ் அதே படிவத்தோடு உட்கார்ந்திருந்தான். என் அம்மாவினுடையதை வைத்து அவனுக்கு ஒரு போன் ஷோரூமில் வேலை கிடைத்து, அது பிடிக்காமல் விட்டுவிட்டு, இதற்கு வந்திருந்தான். பக்கத்து நாற்காலியைத் துடைத்துவிட்டு, "உக்காருங்கக்கா" என்றான்.

படிவத்தில் ஒன்பதாவது கேள்வி, வெளியூரில் தங்கி வேலை செய்ய உங்களுக்கு இயலுமா. ஆம், இல்லை. அடியில் அதே உறுதிமொழி. முனீஸ் அந்தக் கேள்வியைப் படித்த நேரத்தைவிடக் குறைவான நேரத்தில் ஆம் என்று எழுதிவிட்டு, செல்போனைப் பார்க்க ஆரம்பித்தான். நான் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். காலையில் கிளம்பும்போது காஸை அணைத்தேன், திரும்பிப்போய் மறுபடி பார்த்தேன், பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு தடவை திரும்பினேன், அம்மாவுக்குத் தட்டில் போட்டு மூடி, இதை மட்டும் சாப்பிடு, வேறு ஒன்றும் செய்யாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆறு மாதம். உண்மையான விடை இல்லை என்பதுதான்.

"முனீசு, நீ வரும்போது ஒங்க வீட்ல காஸ் அணைச்சிருந்துச்சா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான், என்ன கேட்கிறேன் என்று புரியாமல் சிரித்தான். அவனுடைய அம்மாவும் என் தாளில் ஒரு வீடுதான், பங்குனியில் நின்றுபோனவள். "தெரியலயேக்கா. அதெல்லாம் தங்கச்சி பாத்துக்கிடும்."

அவன் மனதில் எதுவும் திருகவில்லை. அதை நான் பார்த்தேன், கண்ணாடி ஜாடிக்குள் பார்ப்பதைப் போலத் தெளிவாகப் பார்த்தேன். வீட்டை நினைக்காமல் வெளியூரில் இருக்க முடிவது, என் கைக்கு மிகப் பக்கத்தில் அவனிடம்தான் இருந்தது. நான் ஆம் என்று எழுதினேன். இடம், விருதுநகர். தேதி போட்டேன். கையெழுத்துப் போட்டேன். இதுவரை நான் எழுதிய ஒரே பொய் அது, அதைப் படித்துப் பார்த்துத்தான் எழுதினேன், மாதிரியில் இருந்தது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

முனீஸ் செல்போனைக் கீழே வைத்தான். கதவைப் பார்த்தான்.

"அக்கா" என்றான். "ஒங்கம்மா தட்ட மூடி வச்சது எந்தப் பக்கம்? அடுப்புக்குப் பக்கத்துலயா?"

"ஆமா." தட்டைப் பற்றி நான் அவனிடம் சொல்லியிருக்கவே இல்லை.

"சாப்பிட்டிருப்பாகளா? கதவச் சும்மாதான சாத்திட்டு வந்தீங்க?" என்றான். பிறகு, "எங்கம்மாவும் தனியா இருக்கு, தங்கச்சி டியூசனுக்குப் போயிருக்கும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு எழுந்தான். தன் படிவத்தை எடுத்துப் பார்த்து, ஒன்பதாவது கேள்விக்கு அவன் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, நாற்காலியிலேயே வைத்துவிட்டு, வேகமாக நடந்து, வாசலைத் தாண்டியதும் ஓட ஆரம்பித்தான். கூப்பிட்டிருக்கலாம். படிவம் என் மடியில்தான் இருந்தது, கிழித்தால் திரும்பிவிடும் என்று எனக்குத் தெரியும்.

உள்ளே போய் அதைக் கொடுத்தேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காற்று நன்றாக இருந்தது. அம்மா சாப்பிட்டிருப்பாளா என்று நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்பது ஆர்.ஆர். நகர் தாண்டியபோதுதான் தெரிந்தது, ஏதோ ஒரு நாட்டின் தலைநகரம் எது என்று தெரிந்திருக்கிற மாதிரி தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பசித்தது. இறங்கியதும் என்ன சாப்பிடலாம் என்று யோசித்தேன், எனக்கு மட்டும்.